தோலுக்குச் சாயம் ஏற்றும் முறை

நம் கிராமங்களில் செருப்பும் வாரும் பையும் செய்யும் தொழிலாளரின் கைத்திறனுக்குக் குறைவில்லை. வெட்டுவதிலும் தைப்பதிலும் அவர்கள் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆயினும், அவர்கள் செய்த செருப்பு முதல் மழையிலேயே நிறம் கசிந்து, அணிந்தவரின் பாதத்தையும் வேட்டிக் கரையையும் கறைப்படுத்திவிடுமாயின், அத்தனை திறமையும் வீணாகின்றது. வாங்கியவர் தையலின் உறுதியை நினைப்பதில்லை, கறையைத்தான் நினைக்கின்றார். அடுத்த முறை அவர் நகரத்துக் கடைக்குச் செல்கின்றார். தொழிலாளி இழப்பது ஒரு சோடிச் செருப்பின் விலையை மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வாடிக்கையையே இழந்துவிடுகின்றார்.

இதற்கு அஞ்சியே பலர் சாயமிடும் வேலையைத் தாம் மேற்கொள்ளாது, நிறமேற்றிய தோலையே விலைக்கு வாங்கித் தைக்கின்றனர். சாயமிடாத தோலுக்கும் சாயமிட்ட தோலுக்கும் உள்ள விலை வேற்றுமை வணிகரிடமே தங்கிவிடுகின்றது. நாட்டின் கணக்கும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. தென்னாட்டில் ஆவாரம் பட்டையினால் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயருடன் பிரிட்டனுக்குக் கப்பலேறியது. நிறமும் மெருகும் அங்கேதான் ஏற்றப்பட்டன. அவற்றால் வரும் ஊதியமும் அங்கேயே நின்றது. 1972-ஆம் ஆண்டில் சீதாராமையா குழு இந்நிலையை மாற்றப் பரிந்துரை செய்தது. அதன்மேல் 1973 முதல், பதனிடாத தோலின் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, அரைநிலைத் தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு கட்டப்பட்டது. வேலை முற்றுப்பெற்ற தோலை நம் ஆலைகள் பெருமளவில் ஆக்கத் தொடங்கியது அதன் பின்னரே. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆலைகள் பெரிய உருளைகளில் செய்யும் இவ்வேலையைச் சிறு பட்டறைக்காரர் ஒரு மண் சட்டியையும் பஞ்சுப் பொதியையும் கொண்டே செய்யலாம். வேண்டுவது பொறுமையும், தோலின் இயல்பைப் பற்றிய அறிவுமே.

சாயமும் பூச்சும்

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளல் வேண்டும். சாயம் என்பது நீரிலோ எரிசாராயத்திலோ முற்றும் கரைந்து, தோலின் நார்களுக்குள் ஊடுருவி அவற்றோடு பிணைவது. பூச்சு என்பது கரையாத வண்ணத்தூளைப் பசையோடு குழைத்து மேலே பரப்புவது. பூச்சு வடுக்களை மறைக்கும். ஆனால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். சாயம் எதையும் மறைக்காது. ஆனால் தோல் தேயும் வரை உடன் நிற்கும். நம் தோற்பாவைக் கூத்துக் கலைஞர் இதை நன்கு அறிந்தவர்கள். பாவையின் பின்னே விளக்கு எரிய, அதன் ஒளி தோலினூடே சென்று திரையில் நிறமாகத் தெரிய வேண்டுமாதலால், ஒளி புகும் சாயமே அங்குப் பயன்படுகின்றது. ஒளியை மறிக்கும் பூச்சினைத் தடவினால் பாவை வெறும் நிழலாகிவிடும். (பாவைக்கு எடுப்பது ஒளி புகும்படி மெல்லிதாக்கிய ஆட்டுத்தோல், செருப்புத் தோல் போன்று பட்டையில் ஊறிப் பதமானது அன்று.)

இனி, பதனிட்ட தோலில் இருவகை உண்டு. ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்டது ஒன்று. குரோமிய உப்பினால் பதனிட்டது மற்றொன்று. வெட்டிய விளிம்பைப் பார்த்தால் பட்டைத்தோல் பழுப்பாகவும், சாயமிடாத குரோம் தோல் நீலச் சாம்பலாகவும் இருக்கும். ஐயம் தீராவிடின், ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் இடுக. பட்டைத்தோல் உடனே சுருங்கிச் சுருண்டுவிடும். நன்கு பதனிட்ட குரோம் தோல் தாங்கும். பட்டைத்தோலின் மீது வெந்நீரை ஊற்றலாகாது என்பதும் இதனாலேயே விளங்கும். கை பொறுக்கும் சூட்டிற்கு, அதாவது ஏறத்தாழ 45 டிகிரி சென்டிகிரேடுக்கு, மேற்பட்ட நீர் அதற்கு ஆகாது.

இவ்விருவகைத் தோலும் சாயத்தை ஏற்கும் விதமும் வேறு. சாயத்தூள்களுள் அமிலச் சாயம், நேர்ச் சாயம், காரச் சாயம் என்பன நாம் மிகுதியாகக் காண்பவை. முன்னவை இரண்டும் நீரில் கரையும்போது எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. காரச் சாயமோ நேர் மின்னூட்டம் பெறுகின்றது. குரோம் தோலில் நேர் மின்னூட்டம் மிகுதி. ஆகவே அமிலச் சாயத்தையும் நேர்ச் சாயத்தையும் அது விரைந்து பற்றிக்கொள்ளும். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகவும் பற்றும். பட்டைத்தோலோ அமிலச் சாயத்தை மெதுவாக உட்கொள்ளும். காரச் சாயத்தைக் கண்டால் தாவிப் பற்றும். காரச் சாயத்தின் ஒளிர்வு கண்ணைக் கவர்வது மெய். ஆயினும் வெயிலில் அது விரைவில் வெளிறுகின்றது. கிராமத்துப் பட்டறையில் பெரும்பாலும் புழங்குவது பட்டைத்தோல். அதற்கு அமிலச் சாயமே உற்ற துணை என்பது நம் கருத்து.

எக்காரணம் கொண்டும் அமிலச் சாயத்தையும் காரச் சாயத்தையும் ஒரே சட்டியில் கலத்தலாகாது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தார்போல் அடியில் படியும். நீரில் நிறம் எஞ்சாது. கடையில் பொட்டலத்தின் மேல் நிறத்தின் பெயர் மட்டும் எழுதியிருந்தால், எவ்வகைச் சாயம் என்று கேட்டறிந்த பின்னரே வாங்குக.

தோலை ஆயத்தம் செய்தல்

சாயம் திட்டாகப் படிவதற்குச் சாயத்தைக் குறைகூறுவது வழக்கம். உண்மையில் பத்தில் ஒன்பது வேளை குற்றம் தோலின் மேலுள்ள எண்ணெயிலும் அழுக்கிலுமே இருக்கும். தோலின் மேல் அங்கங்கே ஒரு துளி நீரை விட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. எல்லா இடத்திலும் நீர் ஒரே வேகத்தில் உள்ளே சென்றால் தோல் ஆயத்தமாகிவிட்டது. ஓரிடத்தில் உறிஞ்சப்பட்டு, மற்றோரிடத்தில் முத்துப்போல் உருண்டு நின்றால் அங்கே எண்ணெய் இருக்கின்றது. மிதமான சவுக்காரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, முழுத் தோலையும் சீராகத் துடைத்து, பின் நல்ல நீரால் சவுக்காரம் போகத் துடைக்க வேண்டும். எண்ணெய் உள்ள இடத்தை மட்டும் துடைத்தால் அந்த இடமே பின்னர்ப் புதுக் கறையாகத் தெரியும். சலவைச் சோடாவைப் பயன்படுத்துதல் தவறு. அது பட்டைத்தோலைக் கருக்கச் செய்து, மேற்பரப்பையும் நொறுங்கச் செய்யும்.

கீறல், உண்ணி கடித்த வடு, சூட்டுக்குறி ஆகியவை இருக்கும் இடங்களைச் சாயமிடுமுன்னரே பார்த்துவைத்தல் நலம். மேற்பரப்பு சிதைந்த இடம் சாயத்தை மிகுதியாக உறிஞ்சும். வெளிர்நிறம் ஏற்றினால் வடு பெரிதாய்த் தோன்றும். அத்தகைய தோலை அடர்ந்த பழுப்பிற்கோ கறுப்பிற்கோ ஒதுக்கிவிடுவதே இலாபம்.

துடைத்த தோலை முற்றும் உலரவிடாது, தொட்டால் குளிர்ச்சி தெரியும் அளவு சீரான ஈரத்துடன் வைத்திருக்க வேண்டும். காய்ந்த தோல் முதலில் பட்ட இடத்திலேயே சாயத்தைக் குடித்துவிடும். ஈரத்தோலில் சாயம் பரவி நடக்கும்.

கலவை

சாயத்தூளைக் கண்ணளவில் எடுத்தல் கூடாது. நிறுத்தே எடுக்க வேண்டும். தேன் நிறம், காவி நிறம் போன்றவற்றிற்கு ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் தூள் போதுமானது. அடர்ந்த நிறங்களுக்கு 20 கிராம் வரை செல்லலாம். தூளை முதலில் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் குழைத்து, பின் சுடுநீரை மெல்ல ஊற்றிக் கலக்கி, நெருங்க நெய்த துணியில் வடிகட்டி, ஆறவிட்டுப் பயன்படுத்துக. கரையாத ஒரு சிறு துகள் தோலில் பட்டு இழுபட்டால் ஒரு முழ நீளத்திற்குக் கோடு விழும். அதை எடுத்தல் அரிது. காரச் சாயமாயின் குழைக்கும் நீரில் சிறிது காடி சேர்க்க வேண்டும். இல்லையேல் கிணற்று நீரின் உப்பு அதனைத் திரியச் செய்யும்.

கலம் மண், பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் இவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். இரும்புச் சட்டி ஒருபோதும் ஆகாது. துருவும் பட்டைத்தோலின் துவர்ப்பும் கூடினால் கறுப்புக் கறை பிறக்கும். ஈரத்தோலின் மேல் உளியையோ ஆணியையோ வைத்துவிட்டுப் போனாலும் இதே கதிதான். விழுந்த கறையை, லிட்டருக்கு 10 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்த நீரால் துடைத்து நீக்கி, உடனே நல்ல நீரால் கழுவலாம். இவ்வமிலம் நஞ்சு, அடுக்களைப் பக்கம் கொண்டு செல்லத்தகாதது.

நிறங்களைக் கலப்பதில் புதியோர் மறக்கும் செய்தி ஒன்று உண்டு. பட்டைத்தோல் வெள்ளைத் தாள் அன்று. அதற்கென ஒரு பழுப்பு மஞ்சள் நிறம் உண்டு. நாம் ஊற்றும் எச்சாயத்தோடும் அதுவும் ஒரு பங்காகச் சேர்ந்துகொள்ளும். நீலத்தைத் தடவினால் பச்சை சாய்ந்த நிறமே வரும். சிவப்பு செங்கல் நிறமாகும். தூய கத்தரிப்பூ நிறத்தைப் பட்டைத்தோலில் தேடுவது வீண் முயற்சி. மாறாக, பழுப்பின் பல படிகளையும், அரக்கு நிறத்தையும், மாந்தளிர் நிறத்தையும் அது தானே பாதி கொண்டு வந்து தருகின்றது. நல்ல பழுப்பிற்கு மஞ்சளும் சிவப்பும் கலந்த செம்மஞ்சளை அடிப்படையாகக் கொண்டு, கறுப்பையோ நீலத்தையோ சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவருக. நிறத்தை மங்கச் செய்வது எளிது. மங்கியதைத் தெளிவிப்பது இயலாது.

கலவையை அதே தோலின் வெட்டுத்துண்டில் தடவி, உலர்த்தி, சிறிது மெருகும் இட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். ஈரத்தில் நிறம் அடர்ந்து தோன்றும்; காய்ந்தால் ஒரு படி வெளிறும்; மெருகிட்டால் மீண்டும் ஆழும். ஒரு வேலைக்கு வேண்டிய கலவை முழுவதையும் ஒரே தடவையில் ஆயத்தம் செய்தல் வேண்டும். இருபது சோடி செருப்பில் பதினைந்தாவதற்கு மேல் புதுக் கலவை என்றால், வலக்காலும் இடக்காலும் ஒன்றாகா.

தடவுதலும் நிலைநிறுத்துதலும்

பஞ்சைப் பழந்துணியில் பொதிந்து கட்டிய பொதியொன்றே இதற்குப் போதும். கையில் ரப்பர் உறை அணிந்து, பொதியைச் சாயத்தில் தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, தோலின் ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, வட்டமாகச் சுழற்றி மறு ஓரம் வரை நிறுத்தாமல் செல்க. நடுவில் நின்றால் நின்ற இடத்தில் வரம்பு கட்டும். முதற் பூச்சு வெளிறித்தான் இருக்கும்; அதனால் மனம் சோர்தல் வேண்டா. அரைமணி நேரம் நிழலில் விட்டு, முன்பு நீளவாக்கில் சென்றிருந்தால் இம்முறை குறுக்குவாக்கில் தடவுக. மூன்றாம் தடவை வேண்டுமாயின் மீண்டும் நீளவாக்கில். அடர்ந்த கலவையை ஒரே தடவையில் அப்புவதைவிட நீர்த்த கலவையை மும்முறை தடவுவதே உறுதி தரும். அப்பிய சாயத்தில் தோல் ஏற்றது போக எஞ்சியது மேலே தூளாய் நிற்கும். மழையில் வேட்டியைக் கறைப்படுத்துவது அந்தத் தூளே.

இதன் பின்னர்ச் சாயத்தை நிலைநிறுத்த வேண்டும். அமிலச் சாயம் அமிலத்தின் முன்னிலையில்தான் தோலோடு இறுகப் பிணையும். ஆலைகளில் தோலின் எடையைக் கணக்கிட்டு, உருளைக்குள் பார்மிக் அமிலத்தை இரண்டு மூன்று தவணையாக விடுவார்கள். சிறு பட்டறைக்குக் கடையில் விற்கும் காடியே ஏற்றது. ஒரு பங்கு காடியை நான்கு பங்கு நீரில் கலந்து, தோய்த்த துணியால் ஒரு முறை மென்மையாகத் துடைத்து, கால்மணி நேரம் கழித்து நல்ல நீரில் பிழிந்த துணியால் இருமுறை துடைக்க வேண்டும். அமிலத்தை மிகுதியாகவோ, கழுவாமலோ விட்டால் சில ஆண்டுகளில் தோல் செந்தூளாய் உதிரும். பார்மிக் அமிலத்தையே கையாள்வோர், அமிலத்தை நீரில் விட வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் விடலாகாது.

நிழலில் காற்றாட உலர்த்தியபின், முக்கால் பங்கு காய்ந்த நிலையில் சிறிதளவு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால், கழுவியதனால் இழந்த நெகிழ்வு திரும்பும். மெருகிற்கு அவலரக்கு நம் நாட்டுப் பொருள், மலிவானது. நான்கு பங்கு அரக்கிற்கு ஒரு பங்கு வெண்காரம் சேர்த்துச் சுடுநீரில் கரைத்து, வடிகட்டி, மெல்லிதாகத் தடவி, உலர்ந்தபின் வழவழப்பான கண்ணாடிக் குப்பியின் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்க்கலாம். கனமாகத் தடவினால் வார் மடியும் இடத்தில் செதிலாய் உரியும்.

கறுப்பு

கறுப்பிற்குத் தூள் வாங்க வேண்டிய தேவையே இல்லை. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி மை செய்தனர். கலங்காரித் துணியில் கறுப்புக் கோடு தீட்டுவோர், இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, புளித்த அந்த நீரைக் கடுக்காயில் தோய்த்த துணியின் மேல் எழுதுகின்றனர். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும் வினை ஒன்றே இரண்டிலும் நிகழ்வது. பட்டைத்தோலில் துவர்ப்பு இயல்பாகவே உள்ளது. கடுக்காய்க் கசாயத்தை ஒரு முறை தடவிக் காயவிட்டு, வடிகட்டிய இரும்பு நீரையோ, லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் அன்னபேதி கரைத்த நீரையோ தடவினால், கண்ணெதிரே தோல் கருத்துவருவதைக் காணலாம். கை அழுந்தத் தேய்த்தாலும் இக்கறுப்பு எளிதில் வராது. ஏனெனில் இது மேலே இட்டது அன்று, உள்ளேயே பிறந்தது.

ஆனால் இதில் பேராசை கூடாது. இரும்பு மிகுந்தால் தோல் விறைத்து, வளைக்கும்போது வெடிக்கும். ஆகவே ஒரு முறை, தேவையாயின் இரு முறை, அவ்வளவே. அதன்பின் லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஒரு முறை துடைத்து, நல்ல நீரால் கழுவி, எண்ணெய் இட வேண்டும். குரோம் தோலில் துவர்ப்பு இல்லாமையால் இம்முறை அங்குப் பலிக்காது. மஞ்சள்பொடியால் மஞ்சள் ஏற்றலாம் என்பாரும் உளர். ஏறும், வெயிலில் சில நாளில் மறையும், சவுக்காரம் பட்டால் சிவக்கும். விற்பனைக்கு அது தகாது.

விலக்க வேண்டியவை

பழைய செய்முறைக் குறிப்புகள் சிலவற்றில், நிறத்தை ஆழப்படுத்தப் பொட்டாசியம் பைக்குரோமேட் சேர்க்குமாறு எழுதியிருக்கும். அக்குறிப்பைக் கிழித்தெறிவதே நன்று. அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. தோலில் பட்டால் ஆறாப் புண்ணும் உண்டாகும். முற்காலத்துக் கறுப்புச் செருப்புச் சாயங்களில் அனிலைன் எண்ணெயும் நைட்ரோபென்சீனும் கலந்திருந்தன. சாயம் காயுமுன் காலணியை அணிந்தோர் உதடு நீலம் பாய்ந்து மயங்கி விழுந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அசோ சாயங்களுள் சில, உடலில் பட்டுச் சிதைந்து நச்சு அமின்களை வெளிவிடுவன என்பதால் ஜெர்மனி 1994-இல் அவற்றைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 1997-இல் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் பிறப்பித்த ஆணை, தோல் பொருளில் இவ்வமின்கள் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்றது. பெயரும் விவரமும் அச்சிடாத மலிவுத் தூளை, எவ்வளவு பளிச்சென்று இருப்பினும், வாங்கலாகாது. தடவுபவர் கை முழுநாளும் அதிலேயே இருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எரிசாராயத்தில் கரைத்த சாயமாயின் விளக்கும் பீடியும் அருகில் இராதிருத்தல் அதனினும் முக்கியம்.

வேலை முடிந்ததும் பொருளை வாடிக்கையாளர் கையில் கொடுக்குமுன் நாமே சோதித்துவிடுவோம். உலர்ந்த வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பார்க்க வேண்டும். பின் ஈரத்துணியால் பத்து முறை. கால்படும் பாகத்தை உப்பு நீரில் நனைத்த துணியால் பத்து முறை. வியர்வை உப்பு நீரே அல்லவா? துணியில் நிறம் ஏறினால் மீண்டும் காடி நீரில் துடைத்துக் கழுவி, மெருகிட்டு, மறுபடியும் தேய்த்துப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் நிற்காத செருப்பைக் கடைக்கு அனுப்புவதைவிடக் கறுப்பாக மாற்றிவிடலாம்.

எஞ்சிய சாயநீரை எங்கே கொட்டுவது என்பது சிறு கேள்வியன்று. பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவினால் கிணறுகளும் நிலமும் கெட்டதை முன்னிட்டு, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது நினைவிருக்கும். ஒரு பட்டறையின் கழிவு சிறிதே எனினும் அது செல்வது அவ்வூர்க் கிணற்றை நோக்கித்தான். ஆகவே கலவையை வேண்டிய அளவே கரைக்க வேண்டும். மிஞ்சியதை மூடிய குப்பியில் நிறத்தின் பெயரும் சாயத்தின் வகையும் தேதியும் எழுதி வைத்தால், அடுத்த முறை அடர்ந்த பழுப்புக்கு அடித்தளமாகத் தடவிவிடலாம். சோதித்துப் பார்த்த வெட்டுத்துண்டையும் எறிய வேண்டா. அதன் பின்புறத்தில் தூளின் எடை, நீரின் அளவு, தடவிய முறை எத்தனை என்று குறித்து ஒரு கம்பியில் கோத்து மாட்டிவைத்தால், சென்ற ஆண்டு வாங்கிய அதே நிறத்தைக் கேட்டு வருபவருக்கு அதே நிறத்தைத் தர முடியும்.